பதில் வராதபோது ரோபோ என்ன முடிவெடுக்க வேண்டும்?

கேள்வி · ஜனவரி 9

நிலத்தடிச் சுரங்கப் பாதைகளை வரைபடமாக்க ஆறு தரை ரோபோக்களை உள்ளே அனுப்புகிறோம். வேலையைப் பிரித்துக் கொடுப்பது நுழைவாயிலில் இருக்கும் ஒரே கணினி. திறந்த வெளியில் சோதித்தபோது எல்லாம் ஒழுங்காக நடந்தது. உள்ளே இரண்டு திருப்பம் தாண்டியதும் ரேடியோ போய்விடுகிறது. சில ரோபோக்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. சில நேரம் ஒரே குறுகல் பாதைக்குள் இரண்டு போய் மாட்டிக்கொள்கின்றன. இன்னும் சக்தியுள்ள ரேடியோ வாங்குவதா, ஒவ்வொரு ரோபோவையும் அதன் போக்கில் விட்டுவிடுவதா? முதல் வழிதான் சரி என்பது என் கருத்து. தொடர்பு போதிய அளவு இருந்தால் ஒருங்கிணைப்பு தானாக வந்துவிடும்.

ஜனவரி 9, இரவு

ரேடியோ வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் இரண்டாவது திருப்பத்தில் அறுந்தது நான்காவது திருப்பத்தில் அறுந்துபோகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்கு முன் உங்கள் நிரலில் ஒரு இடத்தைத் திறந்து பாருங்கள். ஐந்தாம் எண் ரோபோவிடமிருந்து பத்து விநாடியாக எதுவும் வரவில்லை என்றால் மூன்றாம் எண் என்ன செய்கிறது? அநேகமாக அங்கே 'காத்திரு' என்று இருக்கும், இல்லையென்றால் ஒன்றுமே இருக்காது. ஐந்தாம் எண் எல்லை தாண்டிப் போயிருக்கலாம். அனுப்பிய செய்தி வழியில் தொலைந்திருக்கலாம். பேட்டரி தீர்ந்து நின்றிருக்கலாம். புதிதாகச் சொல்ல எதுவும் இல்லாமலும் இருக்கலாம். மூன்றாம் எண்ணின் ரிசீவரே கெட்டுப்போயிருக்கவும் கூடும். இத்தனைக்கும் உங்கள் நிரல் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறது.

எந்தக் குழுவைப் பார்த்தாலும் செய்தியின் வடிவத்துக்கு மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். செய்தி வராத நேரத்தை யாரும் வடிவமைப்பதில்லை. உங்கள் சுரங்கத்தில் பெரும்பகுதி அந்த நேரம்தான்.

ஜனவரி 10

"ஒவ்வொரு செய்திக்கும் ஒப்புகை கேட்டால் போதாதா? ஒப்புகைக்கும் ஒப்புகை வைத்தால்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. இது பழைய கணக்கு. 1975-இல் அக்கொயுன்லு, ஏகநாதம், ஹூபர் மூவரும் எழுதினார்கள். 1978-இல் ஜிம் கிரே அதற்கு 'இரண்டு தளபதிகள்' என்று பெயர் வைத்தார். இரண்டு குன்றுகளில் இரண்டு படைகள், நடுவே பள்ளத்தாக்கில் எதிரி. இருவரும் ஒரே நேரத்தில் தாக்கினால்தான் வெற்றி. தூதன் வழியில் பிடிபடலாம். எத்தனை தூதனை அனுப்பினாலும் இருவரும் சந்தேகமில்லாமல் ஒரே முடிவுக்கு வர முடியாது.

நிரூபணம் நாலு வரிதான். இதைச் சாதிக்கும் வழிமுறைகளில் மிகக் குறைந்த செய்திகள் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கடைசிச் செய்தி தொலைந்தாலும் வழிமுறை வேலை செய்தாக வேண்டும். அப்படியென்றால் அந்தச் செய்தி தேவையே இல்லை, அதை எடுத்துவிடலாம். இன்னும் குறைந்த செய்தியில் முடிகிறது என்று ஆகிவிடுகிறது. 'மிகக் குறைந்தது' என்று எடுத்ததற்கே முரண்.

ஹால்பெர்னும் மோசஸும் 1990-இல் இதை இன்னும் ஆழமாகக் கொண்டுபோனார்கள். 'எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும்' என்று முடிவில்லாமல் போகும் அந்தப் பொது அறிவு, செய்தி போய்ச் சேரும் என்ற உத்தரவாதம் இல்லாத இடத்தில் கிடைக்கவே கிடைக்காது.

அதனால் உறுதியைத் தேடி ஓடுவதை விட்டுவிட்டு, முடிவுகளை இரண்டாகப் பிரியுங்கள். இரண்டு ரோபோக்கள் ஒரே கிளைப் பாதையை ஆராய்ந்தால் கொஞ்சம் பேட்டரி வீண், அவ்வளவுதான். அங்கே ஒப்பந்தமே வேண்டாம். குறுகல் பாதைக்குள் இரண்டும் எதிரெதிராக நுழைந்தால் அன்றைய வேலை முடிந்தது. அங்கே மட்டும் ஒப்பந்தம் வேண்டும். உங்கள் நிரல் இரண்டையும் ஒரே மாதிரி நடத்துகிறது. முதல் வகைக்கும் அனுமதி கேட்டு நிற்பதால்தான் ரோபோக்கள் உறைந்துபோகின்றன.

ஜனவரி 10, பிற்பகல்

குறுகல் பாதைக்கு: குத்தகை முறை. கேரி கிரேயும் (மேலே சொன்ன ஜிம் கிரே அல்ல) டேவிட் செரிட்டனும் 1989-இல் கோப்புகளைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்வதற்காகக் கொண்டுவந்தது. பாதையின் பொறுப்பை வைத்திருக்கும் ரோபோ மற்றொன்றுக்கு "90 விநாடி உனக்கு" என்று கொடுக்கிறது. அதற்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். நேரம் முடிந்தால் உரிமை போய்விட்டது என்பது இரு பக்கமும் தெரியும். மௌனத்துக்கு இரு பக்கமும் ஒரே அர்த்தம் வந்துவிடுகிறது. கடிகாரம்தான் இங்கே தொடர்புக் கருவி.

ஒரு நுணுக்கம். கேட்பவர் 90 விநாடியை எப்போதிலிருந்து எண்ண வேண்டும்? பதில் வந்த நேரத்திலிருந்து எண்ணக் கூடாது. கோரிக்கை அனுப்பிய நேரத்திலிருந்து எண்ண வேண்டும். கொடுப்பவர் தான் கொடுத்த நேரத்திலிருந்து எண்ணுவார், அது எப்போதும் கோரிக்கைக்குப் பிந்தியதாகவே இருக்கும். இப்படி வைத்தால் செய்தி எவ்வளவு தாமதமானாலும் கேட்டவரின் குத்தகை முன்னால் முடியும், அடுத்தவருக்குக் கொடுக்கும் குத்தகை அதன்மேல் விழாது. கடிகாரங்களின் வேக வித்தியாசத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகும் சாதாரண படிகக் கடிகாரம்கூட 90 விநாடியில் 4.5 மில்லி விநாடிதான் தவறும்.

ஜனவரி 12

குத்தகை பற்றி மேலே எழுதியது கோப்புகளுக்கு அப்படியே பொருந்தும். ரோபோவுக்கு ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். குத்தகை முடிந்ததும் கோப்பு உண்மையிலேயே விடுபட்டுவிடும். ஆனால் பாதையின் நடுவில் சக்கரம் சிக்கி நிற்கும் ரோபோ, நேரம் முடிந்தது என்பதற்காக மாயமாக மறைந்துவிடாது.

ஆகவே குத்தகை முடிந்தால் அடுத்தவருக்குக் கிடைப்பது நுழையும் உரிமை மட்டும்தான். பாதை காலி என்று அதற்கு அர்த்தமில்லை. லைடாரில் (லேசரால் தூரம் அளக்கும் உணரி) பார்த்துக்கொண்டு, நிறுத்த முடிகிற வேகத்தில் நுழைய வேண்டும். உள்ளே இருப்பவர் பாதி நேரத்துக்குள் பாதி தூரம் கடக்கவில்லை என்றால் திரும்பி வெளியே வந்துவிட வேண்டும் என்று ஒரு விதியும் வையுங்கள். இந்த இரண்டாவது விதி இல்லாமல் குத்தகையை நம்பிப் போன ஒரு குழுவோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். மாட்டிக்கொண்டிருந்த ரோபோவின் பின்புறத்தில் அடுத்த ரோபோ மெதுவாக, முழு உரிமையோடு போய் இடித்தது.

ஜனவரி 15

எதிரெதிரே வந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்கிறார்.

நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டு ரோபோக்கள், ஒரே நிரல், ஒரே வேகம். ஒன்றையொன்று லைடாரில் கண்டதும் இரண்டும் நின்றன. மூன்று விநாடி கழித்து இரண்டும் ஒரு மீட்டர் பின்வாங்கின. பாதை காலி என்று இரண்டுக்கும் தெரிந்தது, இரண்டும் முன்னால் வந்தன, நின்றன, பின்வாங்கின. வாசலில் இரண்டு பேர் மாறி மாறி வழிவிட்டுக்கொண்டே நிற்பார்களே, அதே கதை. மனிதர்களில் யாராவது ஒருவர் சிரித்துவிட்டு நடந்துவிடுவார். இவை பேட்டரி தீரும்வரை அந்த மரியாதையை விடாது.

ஒரே நிரல், ஒரே நிலைமை, அதனால் ஒரே முடிவு. இந்தச் சமச்சீரை ஏதாவது ஒன்று உடைத்தாக வேண்டும். காத்திருக்கும் நேரத்தைத் தற்செயலாகத் தேர்ந்தெடுப்பது ஒரு வழி. ஈதர்நெட் அப்படித்தான் மோதலைத் தீர்த்தது, ஒவ்வொரு மோதலுக்கும் காத்திருப்பின் வரம்பை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும். இன்னொரு வழி எண். விமானங்களின் மோதல் தவிர்ப்புக் கருவியான டிகாஸ் இதைத்தான் செய்கிறது. இரண்டு விமானங்களும் ஒரே கணத்தில் "நான் மேலே ஏறுகிறேன்" என்று தேர்ந்துவிட்டால், முகவரி எண் பெரிதாக உள்ள விமானம் தன் தேர்வை மாற்றிக்கொள்ளும். பேரம் கிடையாது, விவாதம் கிடையாது.

கடலில் இன்னும் எளிது. 1972 கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, நேர் எதிரே வரும் இரண்டு இயந்திரக் கப்பல்களும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். ரேடியோவைத் தொடாமலே முடிந்துவிடுகிற காரியம்.

எண்ணை வைத்து முடிவெடுப்பதற்கு முன் இன்னொரு அளவுகோலைப் பாருங்கள் என்பேன். வெளியே போகும் ரோபோவுக்கு முன்னுரிமை. அதனிடம் இன்னும் யாருக்கும் தெரியாத வரைபடம் இருக்கிறது. இரண்டும் வெளியே போகிறவையாகவோ இரண்டும் உள்ளே போகிறவையாகவோ இருந்தால் மட்டும் எண். மூன்றாவது ரோபோ ஒன்று பின்னால் வந்து நின்றுவிட்டால், பின்வாங்க வேண்டியதற்கு இடமே இருக்காது. பின்னால் நிற்பதும் தானாகப் பின்வாங்கும்படி விதியைச் சங்கிலியாகக் கடத்துங்கள். பாதி இடத்தில் அதுதான் விடுபடுகிறது.

ஜனவரி 15, இரவு

மேலே டிகாஸைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடக் கூடாது. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கனுக்கு மேலே ஒரு டூ-154 பயணிகள் விமானமும் ஒரு போயிங் 757 சரக்கு விமானமும் மோதி 71 பேர் இறந்தார்கள். டிகாஸ் ஒன்றை ஏறச் சொன்னது, மற்றொன்றை இறங்கச் சொன்னது. ஒப்பந்தம் கச்சிதமாக நடந்தது. அதே நேரத்தில் தரைக் கட்டுப்பாட்டாளர் டூ-154-ஐ இறங்கச் சொன்னார். அவருக்குக் கருவியின் உத்தரவு தெரியாது. இரண்டும் இறங்கின.

இரண்டு ஒருங்கிணைப்பாளர்கள், இருவருக்கும் ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது, யார் சொன்னதைக் கேட்க வேண்டும் என்பதில் விதிகள் தெளிவாக இல்லை. அதன் பிறகுதான் கருவியின் உத்தரவுக்கே முதலிடம் என்று உலக அளவில் விதிகள் தெளிவாக்கப்பட்டன. உங்கள் நுழைவாயில் கணினிக்கும் ரோபோக்கள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்துக்கும் இடையே இதே கேள்வி வரும். தொடர்பு அரைகுறையாக வந்து போகும்போது மையத்திலிருந்து ஒரு பழைய கட்டளை வந்தால் எது ஜெயிக்கும்? இன்றே எழுதி வையுங்கள். என் பதில்: கண் முன்னால் இருக்கும் ஆபத்தைப் பொறுத்தவரை உள்ளூர் ஒப்பந்தம்தான் ஜெயிக்க வேண்டும், எப்போதும்.

ஜனவரி 19

"பறவைக் கூட்டம் ஒன்றும் பேசாமல்தானே பறக்கிறது" என்ற வாதம் வந்திருக்கிறது. ரெனால்ட்ஸ் 1987-இல் மூன்று விதிகளை வைத்துக் கணினித் திரையில் கூட்டத்தைப் பறக்கவிட்டார்: முட்டாதே, பக்கத்தில் உள்ளவரின் திசையோடு போ, கூட்டத்தின் நடுவை நோக்கிப் போ. ரோமில் மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளைப் படமெடுத்து 2008-இல் வெளியான ஆய்வு இன்னும் சுவையானது. ஒவ்வொரு பறவையும் குறிப்பிட்ட தூரத்துக்குள் இருப்பவற்றைப் பார்ப்பதில்லை. எவ்வளவு தூரமானாலும் அருகிலுள்ள ஆறேழு பறவைகளையே கவனிக்கிறது. அதனால்தான் கூட்டம் விரிந்தாலும் சுருங்கினாலும் கலைவதில்லை.

ஆனால் அவை பேசாமல் இல்லை. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கின்றன. பார்வை என்பது ரொம்ப அகலமான அலைவரிசை. சுரங்கத்தின் வளைவில் அது உங்களுக்குக் கிடையாது.

உங்களுக்குப் பொருந்துவது கறையானும் எறும்பும். பியர் பால் கிராஸே 1959-இல் கறையான்களை வைத்துச் சொன்னது: ஒன்று செய்த வேலையின் தடமே அடுத்ததற்குக் கட்டளை. செய்தி சூழலிலேயே தங்குகிறது, கேட்பவர் அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டியதில்லை. உங்கள் ரோபோக்கள் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு சின்ன ரேடியோக் குறிப்பானைப் போட்டுவிட்டுப் போகட்டும். அதில் இரண்டே விஷயம்: எந்தக் கிளை எடுக்கப்பட்டது, எப்போது. அடுத்து வரும் ரோபோ அதைப் படித்துவிட்டு வேறு கிளைக்குப் போகும். மையம் தேவையில்லை.

ஜனவரி 20

குறிப்பான் யோசனை புதிதல்ல. அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டார்பா 2018 முதல் 2021 வரை நடத்திய நிலத்தடிப் போட்டியில் பல அணிகள் தொடர்புக் கணுக்களை (ரேடியோ செய்தியை வாங்கிக் கடத்தும் சின்னக் கருவிகளை) வழிநெடுகப் போட்டுக்கொண்டே போனார்கள். இறுதிச் சுற்று 2021 செப்டம்பரில் லூயிவில் மெகா கேவர்னில் நடந்தது. ரோபோக்களோடு பேச ஒரே ஒரு மனிதருக்குத்தான் அனுமதி. உள்ளே ஒரு பொருளைக் கண்டுபிடித்தால் மட்டும் மதிப்பெண் கிடையாது. அது இருக்கும் இடம் ஐந்து மீட்டர் துல்லியத்தோடு வெளியே வந்து சேர்ந்தால்தான் மதிப்பெண். செர்பரஸ் அணியும் சிசைரோ டேட்டா61 அணியும் ஆளுக்கு 23 புள்ளி. கடைசிப் புள்ளியை முன்னால் எடுத்ததால் செர்பரஸ் வென்றது.

இந்த மதிப்பெண் விதியை நான் ரொம்பவும் மதிக்கிறேன். வெளியே வராத வரைபடம் வரைபடமே இல்லை என்பதை அது சரியாகப் பிடித்திருக்கிறது. ஒரு ரோபோ எவ்வளவு தூரம் போன பிறகு திரும்ப வேண்டும் என்பதற்கு அதிலிருந்தே விதி எடுக்கலாம். கையில் சேர்ந்திருக்கும், இன்னும் சொல்லாத தகவல் பெருகப் பெருக, அந்த ரோபோ அங்கேயே செத்துப்போனால் ஏற்படும் இழப்பும் பெருகுகிறது. ஒரு கட்டத்தில் இன்னும் ஒரு அறையைப் பார்ப்பதை விடத் திரும்பி வந்து கொட்டுவது லாபம். முழுதும் திரும்ப வேண்டியதில்லை, அடுத்த கணுவின் எல்லை வரை வந்தால் போதும்.

ஜனவரி 23

செய்தியின் அளவு. உங்கள் பதிவில் பார்த்தேன், இருப்பிடத்தையும் திசையையும் மூன்று 64-பிட் எண்களாக அனுப்புகிறீர்கள், 24 பைட். 200 மீட்டருக்கு 200 மீட்டர் பரப்பில் 10 செ.மீ. துல்லியம் போதும் என்றால் ஒவ்வொரு அச்சுக்கும் 2,000 நிலைகள், அதாவது 11 பிட். திசைக்கு 64 பிரிவு, 6 பிட். மொத்தம் 28 பிட், நாலு பைட்டுக்குள் அடங்கிவிடும்.

ஜனவரி 24

நேற்றைய கணக்கோடு நின்றுவிடாதீர்கள். யூடிபி (ஒப்புகை கேட்காமல் செய்தியை அனுப்பிவிடும் இணைய நெறிமுறை) மேல் அனுப்பினால், ஐபி தலைப்பையும் சேர்த்துத் தலைப்புப் பகுதி மட்டுமே 28 பைட். ஆக 52 பைட் 32 ஆகிறது, ஆறில் ஒரு பங்காகக் குறையவில்லை. செய்திகளை எண்ணிக்கையில் குறைத்தால்தான் உண்மையான லாபம்.

அதற்கு நான் விரும்பும் வழி இது. ஒவ்வொரு ரோபோவும் 'மற்றவர்கள் என்னைப் பற்றி இப்போது என்ன நினைத்துக்கொண்டிருப்பார்கள்' என்று தன்னிடமே ஒரு கணிப்பை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன இடம், வேகம், போகும் பாதை ஆகியவற்றிலிருந்து வரும் எளிய கணிப்பு போதும். அது உண்மை நிலையிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல் விலகினால் மட்டும் வாயைத் திறக்க வேண்டும். நேர் பாதையில் போகும் ரோபோ நிமிடக்கணக்கில் ஒன்றும் சொல்லாது, மற்றவர்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும். கட்டுப்பாட்டியலில் நிகழ்வு தூண்டும் கட்டுப்பாடு என்று இதற்கு ஒரு துறையே இருக்கிறது. 2007-இல் தபுவாடா எழுதிய கட்டுரைக்குப் பிறகு வேகமாக வளர்ந்தது.

இங்கே மௌனம் 'நான் சொன்னபடியே இருக்கிறேன்' என்று அர்த்தமாகிறது. அது 'நான் செத்துவிட்டேன்' என்பதோடு குழம்பாமலிருக்க, அரை நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு பைட் உயிர்த்துடிப்பு அனுப்புங்கள். உயிர்த்துடிப்பும் இல்லாத மௌனம், உயிர்த்துடிப்பு உள்ள மௌனம், இரண்டுக்கும் தனித்தனி விதி.

ஜனவரி 24, பிற்பகல்

யூடிபி என்று நான் சொன்னதும் "டிசிபி நம்பகமானதாயிற்றே" என்று கேட்டிருக்கிறீர்கள். தொலைந்ததைத் திரும்ப அனுப்பி, எல்லாவற்றையும் வரிசையாகக் கொண்டுசேர்க்கும் இணைய நெறிமுறை அது.

மௌனத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வதற்கு டிசிபியைவிட நல்ல உதாரணம் இல்லை. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரத்தில், இணைய வேகம் விநாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. எல்லோரும் தொலைந்ததையே திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். வான் ஜேக்கப்சன் 1988-இல் தந்த தீர்வு எவ்வளவு அழகு! பாக்கெட் (செய்தித் துண்டு) தொலைந்தால் நெரிசல் என்று எடுத்துக்கொள், உடனே வேகத்தைக் குறை, பிறகு மெதுவாக ஏற்று. ஒருவரையொருவர் அறியாத லட்சக்கணக்கான கணினிகள் தமக்குள் ஒரு செய்தியும் பரிமாறாமல் ஒரே கம்பியைப் பங்கிட்டுக்கொண்டன. குறைந்த தொடர்பில் கூட்டு வேலைக்கு இதைவிடப் பெரிய வெற்றி எனக்குத் தெரியாது.

கம்பியில் அந்தப் பொருள் சரி. சுரங்கத்தில் பாக்கெட் தொலைவது பாறையால். டிசிபி அதையும் நெரிசல் என்று நினைத்து ஒதுங்கி நிற்கும், அடிக்கடி முயல வேண்டிய நேரத்தில் காத்திருக்கும். தொடர்பு திரும்பியதும் வரிசையில் கிடந்த பழைய செய்திகளை எல்லாம் ஒழுங்காக, முதலிலிருந்து கொட்டும். நாற்பது விநாடிக்கு முந்தைய 'இடப்பக்கம் திரும்பு' இப்போது வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். இருப்பிடத்துக்கும் கட்டளைக்கும் யூடிபி, ஒவ்வொன்றிலும் காலாவதி நேரம். வரைபடக் கோப்புக்கு மட்டும் டிசிபி போதும்.

பிப்ரவரி 2

வேலைப் பங்கீடு. மையக் கணினி இல்லாதபோது ஏலம்தான் வழி. 1980-இல் ரீட் ஸ்மித் தந்த ஒப்பந்த வலை முறையிலிருந்து இது வருகிறது. சுரங்கத்துக்கு நான் எடுப்பது 2009-இல் சோய், ப்ரூனே, ஹௌ மூவரும் தந்த முறை. ஒவ்வொரு ரோபோவும் தனக்கு லாபமான வேலைகளைத் தானே அடுக்கிக்கொள்ளும். பக்கத்தில் உள்ளவரைச் சந்திக்கும்போது 'இந்த வேலைக்கு இதுவரை அதிகம் கேட்டவர் யார்' என்ற பட்டியலை மட்டும் ஒப்பிடும். தோற்ற வேலையையும் அதற்குப் பின் அடுக்கியதையும் விட்டுவிடும். வேலைகள் சேரச் சேர ஒவ்வொன்றின் கூடுதல் லாபம் குறைந்துகொண்டே போகும் என்ற நிபந்தனை இருந்தால், கடைசிப் பங்கீடு மிகச் சிறந்ததில் பாதிக்குக் கீழே போகாது என்று நிரூபித்திருக்கிறார்கள். நடைமுறையில் பாதியை விட நன்றாகவே வரும்.

குழு இரண்டாகப் பிரிந்துவிட்டால்? ஒவ்வொரு பாதியும் தனக்குள் ஏலம் நடத்தட்டும். சில வேலை இரட்டிப்பாகும், விடுங்கள்.

சங்கிலியாக நிற்கும் ரோபோக்கள் பக்கத்து வீட்டுக்காரரோடு மட்டும் பேசிச் சராசரி காண முயன்றால் நேரம் நீளத்தின் வர்க்கமாக ஏறும். சங்கிலி இரண்டு மடங்கு நீண்டால் நான்கு மடங்கு நேரம். சுரங்கம் இயல்பாகவே உங்களைச் சங்கிலியாக நிறுத்தும், அதனால் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டிய எண்களை உள்ளே போவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிப்ரவரி 3

முன்கூட்டிய முடிவு என்றதும் ஒன்று விட்டுப்போனது. தொடர்பு முழுதும் போனால் சந்திக்கும் இடமும் நேரமும். தாமஸ் ஷெல்லிங் 1960-இல் எழுதிய சோதனை: முன்பேச்சு இல்லாமல் நியூயார்க்கில் ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்றால் எங்கே, எப்போது போவீர்கள்? பலர் கிராண்ட் சென்ட்ரல் நிலையம், நண்பகல் என்றார்கள். மனிதர்களுக்கு அப்படி ஒரு இடம் மனதில் தானாகத் தோன்றும். ரோபோவுக்குத் தோன்றாது, நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். 'ஒவ்வொரு இருபதாவது நிமிடமும், நீ கடந்த கடைசிப் பெரிய சந்திப்பு' என்ற விதி போதும்.

பிப்ரவரி 11

கற்றல் முறை பற்றிக் கேட்டவருக்கு. ஆம், என்ன சொல்வது என்பதையே ரோபோக்கள் தாமே கற்றுக்கொள்ள வைக்கலாம். 2016-இல் இருந்து நிறைய ஆராய்ச்சி இருக்கிறது. பயிற்சியில் எல்லாம் ஒன்றாகக் கற்கும், களத்தில் தனித்தனியாக ஓடும்.

கணக்கு ரீதியாக இது கொடுமையான பிரச்சினை என்பதை நினைவில் வையுங்கள். ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து முடிவெடுக்கும் கூட்டுத் திட்டத்துக்கு மிகச் சிறந்த விடை காண்பது, இரண்டே ஏஜென்ட்கள் இருந்தாலும், அடுக்குக்குறி வேகத்தில் கைமீறிப் போகிற வகை என்று பெர்ன்ஸ்டீனும் குழுவினரும் 2002-இல் காட்டிவிட்டார்கள். ஆகவே எல்லாரும் தோராய விடையில்தான் வாழ்கிறோம்.

எனக்கு இருக்கும் பெரிய தயக்கம் வேறு. ஹனாபி என்ற சீட்டாட்டத்தில் உங்கள் சீட்டு உங்களுக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத் தெரியும், மொத்தம் எட்டுக் குறிப்பு வில்லைகள்தான். ஒன்றாகப் பயின்ற நிரல்கள் அதில் பிரமாதமாக ஆடும், ஏனென்றால் தமக்குள் ஒரு ரகசிய மொழி வளர்த்துக்கொண்டிருக்கும். தனியாகப் பயின்ற இன்னொரு நிரலோடு உட்கார வைத்தால் ஆட்டம் சரிந்துவிடும். 2020-இல் வந்த 'பிறரோடு ஆடும்' பயிற்சி முறை இதைக் குறிவைத்தது. பயிற்சியின்போதே பெயர்களையும் நிறங்களையும் மாற்றிப் போட்டு, தற்செயலான ஒப்பந்தங்களில் சாய்ந்து நிற்க விடாமல் செய்தது. களத்தில் நீங்கள் நிச்சயம் ஒரு ரோபோவை மாற்றுவீர்கள், ஒன்றின் மென்பொருள் மற்றதைவிடப் புதியதாக இருக்கும். அந்த நாளில் ரகசிய மொழி உங்களைக் கைவிடும். விதிகள் தாளில் எழுதிப் படிக்கக்கூடியவையாக இருக்கட்டும்.

பிப்ரவரி 18

கடலடி வாகனங்களோடு வேலை செய்பவர் எழுதியிருக்கிறார். அவர் நிலைமை இன்னும் கடினம். உப்பு நீரில் ரேடியோ ஓடாது, ஒலிதான் வழி, அதுவும் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருப்பவரிடம் ஒன்று கேட்டுப் பதில் வாங்க நான்கு விநாடி. விநாடிக்கு ஒன்றரை மீட்டர் போகும் வாகனம் அதற்குள் ஆறு மீட்டர் நகர்ந்துவிடும். கேட்டுத் தெரிந்துகொள்வது என்ற பழக்கத்தையே விட வேண்டியிருக்கிறது.

ஆனால் அங்கே ஒரு வரம் உண்டு. கடிகாரங்கள் ஒத்துப்போனால், செய்தி கிளம்பிய நேரமும் வந்த நேரமும் சேர்ந்து தூரத்தைச் சொல்லிவிடும். ஒரு மில்லி விநாடிப் பிசகு ஒன்றரை மீட்டர் தவறு, அதனால்தான் சிப் அளவு அணுக் கடிகாரங்களை அவற்றில் வைக்கிறார்கள். செய்தியில் என்ன எழுதியிருந்தாலும், அது வந்தது என்பதே ஒரு அளவீடு. ஆளுக்கொரு நேரத் துண்டு ஒதுக்கிவிட்டால் வராததும் ஒரு தகவல்: இவருடைய முறை வந்தது, கேட்கவில்லை.

மார்ச் 1

மாற்றங்களுக்குப் பிறகு உறைந்து நிற்பது நின்றுவிட்டது, ஆனால் சில கிளைகளை இரண்டு ரோபோக்கள் பார்க்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் துரத்த வேண்டாம். இரட்டிப்பே இல்லாமல் செய்ய நினைத்தால் மறுபடி அனுமதி கேட்டு நிற்கும் நிலைக்குத்தான் வருவீர்கள்.

அடுத்த சோதனை இதுதான். தொடர்பை முழுதும் அறுத்துப் பார்த்திருப்பீர்கள், பாக்கெட்டுகளைத் தற்செயலாகத் தொலைத்தும் பார்த்திருப்பீர்கள். இப்போது ஒரு பக்கம் மட்டும் அறுங்கள். இரண்டாம் எண் பேசுவது நான்காம் எண்ணுக்குக் கேட்க வேண்டும், நான்காம் எண் பேசுவது இரண்டாம் எண்ணுக்குக் கேட்கக் கூடாது. ஆன்டெனா சரிந்த ரோபோவில் இது நிஜமாகவே நடக்கும். நான்காம் எண் எல்லாம் நலம் என்று நினைத்துக்கொண்டு குத்தகை கொடுத்துக்கொண்டே இருக்கும். இரண்டாம் எண் அதைச் செத்ததாகக் கணக்கில் எடுத்து அதன் வேலையை வேறொருவருக்கு ஏலம் விடும். இதற்கு ஒரு பைட் போதும். ஒவ்வொரு உயிர்த்துடிப்பிலும் 'கடைசி ஒரு நிமிடத்தில் யார் யார் எனக்குக் கேட்டார்கள்' என்று ஆறு பிட்டில் சேர்த்து அனுப்புங்கள். தன் எண் மற்றவர் பட்டியலில் இல்லை என்று கண்ட ரோபோவுக்குத் தன் குரல்தான் போகவில்லை என்று புரியும். அது குத்தகை கொடுப்பதை நிறுத்திவிட்டு, குறிப்பான் இருக்கும் கடைசிச் சந்திப்புக்குத் திரும்பட்டும்.

உங்கள் உயிர்த்துடிப்பு பைட்டில் எத்தனை பிட் மீதம் என்று பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு இருந்தால் பேட்டரி நிலையையும் அதிலேயே அடக்கிவிடலாம்.